பத்தாயத்துத் தோடி

பத்தாயத்தின் மேல்மூடியை ஒருபுறம் நகர்த்திவிட்டு, கிராமபோனின் தகரக் குழாயை அந்த இருட்டுக்குள் கவிழ்த்து வைத்திருக்கும் காட்சிதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. ஊமத்தம்பூவைப் பெரிதாக்கிச் செய்ததுபோன்ற குழாய். வாசலில் நின்று பார்த்தால், தடித்த ஆசாமி ஒருவர் உள்ளே எத்தனை மரக்கால் நெல் மிச்சம் கிடக்கிறது என்று தலையை விட்டுப் பார்ப்பதுபோல இருக்கும். பக்கத்தில் என் சித்தப்பா, தோளில் துண்டோடு, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். சாவி கொடுத்து முடித்த கை கீழே இறங்க மறந்து அந்தரத்தில் நிற்கும். இசைத்தட்டின் ஒரு பக்கம் ஓடி முடிய மூன்று நிமிஷம் ஆகும். அந்த மூன்று நிமிஷத்தில் அவரை யாரும் கூப்பிடக் கூடாது. வீடு தீப்பிடித்தால்கூட, மறுபக்கம் போடுவதற்கு முன்னால் சொன்னால் போதும் என்பது எங்கள் வீட்டில் எழுதப்படாத சட்டம்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்ட பிறகு, என்னையும் என் தங்கையையும் வளர்த்தவர்கள் பிள்ளையில்லாத சித்தப்பாவும் சித்தியும்தான். பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் ஒரு நெல் ஊர். எந்தப் பக்கம் திரும்பினாலும் வயல், வயல் முடிகிற இடத்தில் மலை. நான் சொல்லப்போகிற காலத்தில் எனக்கு இருபத்துநாலு வயது. நடுநிலைப்பள்ளி ஒன்றில் வாத்தியார். நாங்கள் அப்போது திருவிதாங்கூர்க்காரர்கள்; சென்னையோடு சேர இன்னும் ஒன்றிரண்டு வருஷம் இருந்தது. ஊரில் ஆண்கள் கூடினால் அந்தப் பேச்சுத்தான். சித்தப்பா மட்டும் அதில் கலந்துகொள்ள மாட்டார். எந்த ராஜ்யத்தில் இருந்தாலும் கிராமபோன் ஊசி கோட்டாற்றிலிருந்துதான் வரவேண்டும் என்பது அவருடைய அரசியல்.

அவருக்குச் சங்கீதம் தெரியும் என்று சொல்லமாட்டேன். ராகங்களில் தோடியை மட்டும் அடையாளம் கண்டுபிடிப்பார். மற்றவையெல்லாம் அவருக்குத் 'தோடி இல்லாதது'. ஆனால் சத்தம் தெரியும். சத்தத்தில் அவருக்கு இருந்த நாக்கு, சாப்பாட்டில் எங்கள் பக்கத்துச் சமையல்காரர்களுக்குக்கூடக் கிடையாது. ஒரு ஊசிக்கு ஒரு பக்கம் என்பது அவர் கணக்கு. ஊரில் கிராமபோன் வைத்திருந்த இன்னொரு வீட்டில் ஒரே ஊசியை ஒரு மாதம் ஓட்டுவார்கள். அங்கே ஒரு கல்யாணத்துக்குப் போன சித்தப்பா பந்திக்கு உட்காராமல் திரும்பி வந்துவிட்டார். கேட்டதற்கு, "அரிசியில கல்லு கெடந்தா துப்புவேல்லா? பின்ன அந்தப் பாட்டை மட்டும் எப்பிடிலே முழுங்கச் சொல்லுக?" என்றார். மேசைமேல் வைத்துக் கேட்கும் கிராமபோனைப் பற்றியும் அவருக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. "அது பாட்டு இல்ல மக்கா. பாட்டு வந்திருக்குன்னு ஆரோ வந்து சொல்லிட்டுப் போறது."

வாசிக்கிற ஆளே நேரில் வந்தது பத்தாயத்தின் புண்ணியத்தில். நெல் கொட்டி வைக்கும் மரப்பெட்டி என்று அகராதியில் போட்டிருக்கிறார்கள். பெட்டி என்றால் நீங்கள் சிறிதாக எதையோ நினைத்துக்கொள்வீர்கள். எங்கள் வீட்டுப் பத்தாயம் அயினிப் பலகையில் செய்தது. கூடத்தில் ஒரு சுவர் முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கும். நாலு பேர் உள்ளே உட்கார்ந்து சீட்டு ஆடலாம். ஓர் ஆடி மாதத்தில், சாரல் பிடித்து, கிராமபோன் இருந்த மேசைக்கு நேர் மேலே ஓடு ஒழுகியது. சித்தப்பா பெட்டியைத் தூக்கிப் பத்தாயத்தின்மேல் வைத்தார். இடம் போதாமல் குழாயைக் கழற்றித் திருப்பி மாட்ட, அதன் வாய் திறந்திருந்த மூடிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இருக்கட்டும் என்று ஒரு நாதஸ்வரத் தட்டைப் போட்டார். பத்தாயம் காலியாகிவிட்டதால் முன்பலகையைக் கழற்றிவிட்டுச் சித்தி உள்ளே இறங்கிப் பெருக்கிக்கொண்டிருந்தாள் என்பது அவருக்குத் தெரியாது. தவிலின் முதல் அடி விழுந்ததும் உள்ளேயிருந்து ஓர் அலறல் கேட்டது. நாலா பக்கமும் சூழ்ந்து வரும் சங்கீதத்தை இந்த மாநிலத்தில் முதன்முதலில் கேட்டவள் என் சித்தியாகத்தான் இருக்க வேண்டும். அவள் விளக்குமாறோடு வெளியே வந்து தன் விமர்சனத்தைத் தெரிவித்தாள். சித்தப்பா அதைக் காதில் வாங்கவில்லை. அவர் பத்தாயத்தின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். பலகை அதிர்ந்துகொண்டிருந்தது. "ஏ, வந்திட்டாரு பாத்தியா! ஆளே வந்திட்டாரு!" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அடுத்த பக்கத்துக்கு நானும் கையை வைத்துப் பார்த்தேன்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் சங்கீதத்துக்குப் பருவம் உண்டாயிற்று. மாசியில் கும்பப்பூ அறுப்பு முடிந்து பத்தாயம் நிறைந்ததும் சத்தம் செத்துப்போகும். நெல்லைப்போலச் சத்தத்தைக் குடிக்கும் பொருள் வேறில்லை. நாதஸ்வரக்காரர் தலையணைக்குள் படுத்துக்கொண்டு வாசிப்பதுபோல இருக்கும். பிறகு நாளுக்குக் கொஞ்சமாக நெல் வெளியே போகப் போக, அவர் மெல்ல எழுந்து உட்காருவார். சித்திரையில் தொண்டை திறக்கும். வைகாசியில் நெஞ்சிலிருந்து வரும். ஆனியில் அடிவயிறு. ஆவணியில் கன்னிப்பூ நெல் வந்து விழுந்தால் மறுபடியும் ஜலதோஷம். ஊர் முழுக்கக் களத்தில் சிரித்துக்கொண்டிருக்கும்போது, சித்தப்பா மட்டும் கடைசித் தட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவார். "நெல்லு வீட்டுக்கு வந்தா எழவு வீட்டுல இருக்கது மாதிரி இருக்கப்பட்ட வெள்ளாமைக்காரரு, இந்தப் பத்து ஊருல நீங்க ஒருத்தருதான்" என்பாள் சித்தி. சங்கீதம் உச்சத்தில் இருந்த மாதங்களில் எங்களுக்குக் கஞ்சியும் மரச்சீனிக் கிழங்கும்தான் சாப்பாடு என்பதையும் நான் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் சித்தியே சில சமயம் அந்தக் காதைப் பயன்படுத்திக்கொண்டாள். "இஞ்ச பாருங்கோ, நெல்லு இன்னும் எத்தனை நாளைக்குக் காணும்?" என்று அடுக்களையிலிருந்து கேட்பாள். சித்தப்பா மூடியைத் திறந்து பார்க்க மாட்டார். ஒரு தட்டைப் போடுவார். "மூணு கோட்டை கெடக்கும்" என்பார். கோட்டை என்றால் இருபத்தொரு மரக்கால்; அளந்து பார்த்தால் நாலைந்து மரக்கால்தான் முன்பின் இருக்கும்.

படித்தவன் என்ற முறையில் நானும் என் பங்கைச் செய்தேன். நாகர்கோவில் நூலகத்தில் உட்கார்ந்து ஒலி அதிர்வு பற்றி இரண்டு புத்தகங்கள் படித்துவிட்டு வந்து, குழாயின் வாய்க்கும் பலகையின் கனத்துக்கும் உள்ள விகிதத்தைச் சித்தப்பாவுக்கு விளக்கினேன். அவர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "செரி, நீ அந்த வாசல்ல போயி நின்னு தவிலு எப்பிடிக் கேக்குன்னு மட்டும் சொல்லு" என்றார். என் கல்விக்கு அந்த வீட்டில் அதற்குமேல் உபயோகம் இருக்கவில்லை.

தங்கைக்கு அப்போது இருபது வயது. இரண்டு இடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போய், இரண்டுமே தட்டிப்போயிருந்தன. அந்தக் காலக் கணக்கில் மூன்றாவதும் தட்டிப்போனால் ஊர் காரணம் தேட ஆரம்பித்துவிடும். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது பெண்ணை அல்ல, பத்தாயத்தை. வெளிப்படையாக அல்ல. பெரியவர் ஒருவர் களைப்பாக இருப்பதுபோல அதன்மேல் சாய்வார். கை தற்செயலாகப் பலகையில் ஒரு தட்டுத் தட்டும். 'தொம்' என்றால் ஒரு முடிவு, 'தப்' என்றால் ஒரு முடிவு. முந்திய இரண்டு தடவையும் எங்கள் வீட்டில் 'தொம்' என்றுதான் கேட்டது. தரித்திரம் பிடித்த மாதங்களில் வந்திருந்தார்கள்.

மூன்றாவது சம்பந்தம் திருவட்டாற்றிலிருந்து வந்தது. மாப்பிள்ளை குழித்துறை கோர்ட்டில் குமாஸ்தா. ஆனால் அந்த வீட்டில் சொல் என்பது அவருடைய தாய்மாமனின் சொல்தான். காரணவர் என்பார்கள் அவரை. அவர் சரி என்றால் சரி. ஆனிக் கடைசியில், ஆடி பிறப்பதற்கு முன் வந்து பார்த்துவிடுகிறோம் என்று தரகர் மூலம் சொல்லி அனுப்பினார்கள். அந்த வருஷம் கும்பப்பூ முக்கால்வாசி கருகிப்போயிருந்தது. பத்தாயத்தில் ஒரு குருவிக்குக்கூட வேலை இல்லை. சித்தி எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. தன் அண்ணன் வீட்டுக்கு ஆள் அனுப்பினாள். முந்தின நாள் சாயங்காலம் ஒரு வண்டி நெல் வந்து இறங்கிற்று. எட்டுக் கோட்டையும் பத்தாயத்தில் போய் விழுந்தது. அறுப்பு முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு. சித்தி மூடியைச் சாத்தி, மஞ்சள் வைத்து, பலகையைத் தன் கையாலேயே ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள். 'தப்'. அவள் முகத்தில் அன்றைக்கு இருந்த நிம்மதியை நான் அப்புறம் வெகுநாள் பார்க்கவில்லை. அதைக் கெடுத்ததில் எனக்கும் சரிபாதி உண்டு.

மறுநாள் காலையில் சித்தியும் தங்கையும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். சித்தப்பா பத்தாயத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். தோடித் தட்டைப் போட்டுப் பார்த்திருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"மக்கா, திருவட்டாத்துக் காரணவரு எப்பேர்ப்பட்ட கேள்விஞானம் உள்ளவருன்னு தெரியுமா? கோயில் கச்சேரிக்குப் போனா, மிருதங்கத்துல மாவு கூடிப்போச்சுன்னு எழுந்திரிச்சு வந்திருவாராம்."

"யாரு சொன்னா?"

"தரகருதான். அப்பேர்ப்பட்ட மனுசனுக்கு முன்னால இந்தச் செத்த சத்தத்தை எப்பிடிலே வைப்பேன்? இந்த வீட்டுல வேற என்னத்தைக் காட்டப் போறோம், சொல்லு. உனக்க சம்பளத்தையா?"

என் சம்பளத்தைப் பற்றிய கருத்தை நான் மறுக்கவில்லை.

"நெல்லு வீட்டுலதானே இருக்கப் போகு? பத்தாயத்துல கெடந்தா என்ன, பின்னால சாய்ப்புல கெடந்தா என்ன?" என்றார்.

இப்போது யோசித்தால், அந்த இடத்தில்தான் நான் புத்திசாலியாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, "இருவரும் சேர்ந்து அள்ளினால் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும்" என்பது. பள்ளிக்கூடத்தில் இந்த வகைக் கணக்குகளை நான் நன்றாக நடத்துவேன். ஓலைக் கடவத்தில் அள்ளி அள்ளி, அடுக்களைக்குப் பின்னாலுள்ள சாய்ப்பில் குவித்தோம். மேலே பாயைப் போட்டு மூடினோம். நெல் தூசியில் உடம்பெல்லாம் அரித்தது. முடித்துவிட்டு ஒரு தட்டைப் போட்டுப் பார்த்தோம். பத்தாயம் அப்படிப் பாடி நான் கேட்டதில்லை. "இதுக்குமேல ஒரு மனுசன் பொண்ணு வேண்டாம்னு சொல்லுவானாலே?" என்றார் சித்தப்பா. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

சாயங்காலம் நாலு மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் உச்சி சாய்ந்ததும் வாடகைக் காரில் வந்து நின்றார்கள். சித்தி அப்போதுதான் வெந்நீருக்கு விறகெடுக்கச் சாய்ப்புக்குள் போயிருந்தாள். பாயைத் தூக்கிப் பார்த்தவள் அடுக்களை வாசலில் வந்து நின்றாள். கையில் விறகு இருந்தது. "உங்க ரெண்டு பேரையும் அந்தப் பத்தாயத்துக்குள்ள போட்டுப் பூட்டணும்" என்றாள். மிகவும் தணிந்த குரல். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளறையில் தங்கை தோவாளைப் பிச்சிப்பூவைத் தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அண்ணா, இன்னைக்கு அந்தப் பாட்டை வைக்கணுமா?" என்று மட்டும் கேட்டாள். நான் வாசலுக்குப் போய் விருந்தாளிகளை வரவேற்றேன்.

காரணவர் மெலிந்து உயரமானவர். வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம், யாரையும் அவசரப்படுத்தாத கண்கள். மாப்பிள்ளையின் அப்பாவும் தரகரும் கூட வந்திருந்தார்கள். மாப்பிள்ளை வரவில்லை, அது வழக்கமுமில்லை. உட்கார்ந்து, வெயிலைப் பற்றியும் தண்ணீர் திறப்பதைப் பற்றியும் பேசினார்கள். காரணவர் பத்தாயத்தின்மேல் சாயவில்லை, தட்டவில்லை. அதன்மேல் கவிழ்ந்துகிடந்த குழாயை மட்டும் பார்த்தார். சித்தப்பாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. புது ஊசி மாட்டி, சாவி கொடுத்து, தோடியைப் போட்டார்.

முதல் முழக்கத்திலேயே காரணவர் கண்ணை மூடிவிட்டார். விரல் தொடையில் தாளம் போட்டது. சித்தப்பா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். மூன்று நிமிஷமும் கூடம் நிறைந்திருந்தது. முடிந்ததும் காரணவர் எழுந்து போய், பத்தாயத்தின்மேல் உள்ளங்கையை வைத்தார். பலகையில் அதிர்வு இன்னும் மிச்சம் இருந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"நல்லா இருக்கு" என்றார். "பத்தாயம் ஒழிஞ்சு கெடக்கு, இல்லியா?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் உதவிக்குப் போனேன். பழைய அயினிப் பலகைக்கு இயல்பாகவே ஓர் அதிர்வு உண்டு என்று ஆரம்பித்தேன். காரணவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"எனக்க வீட்டுப் பத்தாயத்தில பிள்ளைக ஒளிஞ்சு களிக்கும். உள்ள இருந்து கூவினா இதே முழக்கந்தான். நெல்லு ஒரு சாண் கெடந்தாலும் இப்பிடிக் கேக்காது."

கதவுக்குப் பின்னால் சித்தியின் வளையல் சத்தம் நின்றது. தரகர் தரையைப் பார்த்தார்.

"ஆனி மாசத்தில ஒழியாத பத்தாயம் எங்க உண்டு?" என்றார் காரணவர் தொடர்ந்து. "போன மாசம் ஒரு வீட்டுக்குப் போனோம். பத்தாயம் நெறஞ்சு வழியுது. மூலையில சாக்கு அவிழ்த்த சணல் அப்பிடியே கெடக்கு. நான் எழும்பி வந்திட்டேன். ஒரு நாளைக்கு வேண்டி நெல்லை இரவல் வாங்குத வீட்டுல பொண்ணெடுக்கப் பிடாது. நீரு மறைக்கல்ல. ஒழிஞ்ச பத்தாயத்துக்கு மேல பாட்டையும் வச்சுக் கேக்க வச்சேரு. எனக்கு அது பிடிச்சு."

மாப்பிள்ளையின் அப்பா தலையசைத்தார். தரகர் நிமிர்ந்து சிரித்தார். வாழ்க்கையில் முட்டாள்தனத்துக்கு இவ்வளவு நல்ல கூலி கிடைத்து நான் பார்த்ததில்லை. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு ஒரு காப்பி குடித்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். நான் சித்தப்பாவைப் பார்த்தேன். மழுங்கிய ஊசியில் பாட்டுக் கேட்க நேர்ந்தால் அவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"அண்ணாச்சி, நெல்லு இருக்கு" என்றார்.

"என்னது?"

"எட்டுக் கோட்டை. இரவல் நெல்லுதான். நேத்தைக்கு வந்தது. சத்தத்துக்கு வேண்டித்தான் நானும் இவனும் எடுத்து வெளிய போட்டோம். நீங்க சொன்னது மாதிரி இல்ல. மறைச்சுத்தான் வச்சிருக்கோம். கொஞ்சம் வேற மாதிரி மறைச்சிட்டோம்."

காரணவர் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். "எங்க?" என்று கேட்டார். சித்தப்பா முன்னால் நடந்தார். அடுக்களை வழியாக, அந்தக் காலத்தில் வெளி ஆண்கள் ஒருபோதும் போகாத வழியாக, அவர்கள் போனார்கள். நானும் பின்னால் போனேன். பாயை விலக்கியதும் காரணவர் குனிந்து ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்த்தார்.

"நல்ல நெல்லு. ஆருக்க?"

"எனக்க அண்ணன் வீட்டு நெல்லு" என்றாள் சித்தி. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், தலையைக் குனியவில்லை. "நான்தான் வாங்கிப் போட்டேன். இவருக்கு அதுல சம்பந்தமில்ல. பிள்ளைக்கு ரெண்டு தடவை தட்டிப்போச்சு. மூணாவதும் போகப் பிடாதுன்னு நெனைச்சேன். பொய் சொன்னது நான். அதை வெளிய அள்ளிப் போட்ட கிறுக்கு மட்டுந்தான் இவருக்கு."

காரணவர் நெல்லைத் திரும்பக் குவியலில் போட்டார். ஒரு மணிகூடக் கீழே சிந்தவில்லை. கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார். அப்புறம் சித்தப்பாவைப் பார்த்து, "மறுபக்கம் உண்டா?" என்றார். சித்தப்பா தட்டைத் திருப்பிப் போட்டார். அதையும் அவர் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "பொண்ணை இப்பம் பாக்காண்டாம்" என்றார். "வாறோம்."

பெண்ணைப் பார்க்காமல் எழுந்து போவதற்கு எங்கள் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான் உண்டு. கார் போன பிறகு தங்கை உள்ளறையில் பூவை எடுத்து ஓலைக் கிண்ணியில் போட்டு மூடினாள். சித்தப்பா குழாயைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, பத்தாயத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரும் அவர் பக்கம் போகவில்லை. தங்கைதான் போனாள். "சித்தப்பா, ரெண்டாம் பக்கம் நல்லா இருந்துது" என்றாள். அவர் அவளைத் திரும்பிப் பார்க்காமல் தலையை மட்டும் ஆட்டினார். நான் படித்த புத்தகங்கள் எதிலும் அப்படி ஒரு வாக்கியத்தை அந்தச் சமயத்தில் சொல்லலாம் என்று போட்டிருக்கவில்லை.

மறுநாளே சித்தி நெல்லை வண்டியேற்றித் திருப்பி அனுப்பினாள். ஆடி முழுவதும் சித்தப்பாவோடு பேச்சில்லை. வேண்டியதையெல்லாம் என் வழியாகச் சொன்னாள். "உனக்க சித்தப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்பாள், அவர் இரண்டு முழ தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போது. அவர் கிராமபோனைத் தொடவில்லை. வருஷத்தில் சத்தம் மிக நன்றாகக் கேட்கும் மாதம் அது. பத்தாயம் வாயைத் திறந்துகொண்டு சும்மா கிடந்தது. அந்த ஆடியில்தான் அவர் முதல் தடவையாக வரப்பில் நின்று பயிரைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். அதுவரை வயல் காரியங்களை, பெரும்பாலான என் படிப்பைப்போல, தொலைவிலிருந்தே பார்த்து வந்தார். விடியுமுன் மண்வெட்டியோடு போவார். தண்ணீர் முறைக்கு மடையில் நின்று சண்டை போடுவார். எங்கள் வயலில் சண்டை போடத் தெரிந்தவர் சித்திதான் என்று நம்பியிருந்த பக்கத்து வயல்காரர்கள் திகைத்துப் போனார்கள்.

ஆடிக் கடைசியில் தரகர் வந்தார். தட்டிப்போன இடத்துக்குத் தரகர் திரும்ப வந்தால், வேறு சம்பந்தத்தோடு வந்திருக்கிறார் என்று அர்த்தம். ஆனால் அவர் திருவட்டாற்றுக் காரணவர் சொல்லி அனுப்பியதைத்தான் கொண்டுவந்திருந்தார். அதைக் காரணவரின் குரலிலேயே சொன்னார்: "அறுப்புக் கழிஞ்சு வாறோம். அப்பம் பாட்டு நல்லா இருக்காது. அதனால பேச்சைப் பேசலாம்."

சித்தப்பா அதை நம்பவில்லை. "மரியாதைக்குச் சொல்லுகாரு" என்றார். சித்தி நம்பினாளா என்று தெரியாது. ஆனால் அன்றைக்குச் சாப்பாட்டுக்கு அவளே நேரடியாகக் கூப்பிட்டாள். "வாங்கோ" என்ற ஒரு சொல்தான். சித்தப்பா அதற்கே இரண்டு தடவை சோறு வாங்கிக்கொண்டார்.

கன்னிப்பூ நன்றாக விளைந்தது. ஆவணியில் நெல் வந்து விழுந்து, முன்பலகைகள் ஒவ்வொன்றாக ஏறி, மூடிக்கு ஒரு விரற்கடை இறக்கம்வரை பத்தாயம் நிறைந்தது. இந்தத் தடவை சித்தி மஞ்சள் வைக்கவுமில்லை, தட்டிப் பார்க்கவுமில்லை. சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் அவர்கள் வந்தார்கள். காரணவர் உட்கார்ந்ததும் முதலில் கேட்டது பாட்டைத்தான். சித்தப்பா தயங்கினார். குழாயை உள்ளே கவிழ்க்க இடமில்லை; வெறுமனே மூடியின்மேல் நிறுத்தினார். தோடி கிளம்பியது. தவில், நனைந்த சாக்கில் அடிப்பதுபோல விழுந்தது. நாதஸ்வரம் எங்கோ அடுத்த ஊரில் வாசிப்பதுபோல இருந்தது. சித்தப்பாவுக்கு உடம்பு கூசியது எனக்குத் தெரிந்தது.

"இன்னைக்குச் சத்தம் அடைச்சுப் போச்சு, அண்ணாச்சி" என்றார்.

"அடைச்சே கெடக்கட்டும் வே" என்றார் காரணவர்.

அவர் அதைச் சொன்ன விதத்தில், மாப்பிள்ளையின் அப்பா சிரித்தார். தரகர் சட்டென்று பஞ்சாங்கத்தை எடுத்தார். காரணவர் சித்தப்பாவைத் தன் பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னார். கல்யாணத்தைத் தையில் வைப்பதா மாசியில் வைப்பதா என்று பேச்சு எழும்பியது. தையில் வைத்தால் எங்கள் பக்கத்தில் அறுப்புக்கு முன், மாசியில் வைத்தால் ஆள் கிடைக்காது; பந்தலுக்கு ஓலை எங்கே, சமையலுக்கு யார். கதவுக்குப் பின்னாலிருந்து சித்தி இரண்டு வார்த்தை சொல்ல, காரணவர் அதற்கு நேராகவே பதில் சொன்னார். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சித்தப்பாவும் பேசினார். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். அது எப்போது முடிந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஊசி கடைசி வரியில் போய் மாட்டிக்கொண்டு கர்ர், கர்ர் என்று சுற்றிக்கொண்டே இருந்தது. நானும் கவனிக்கவில்லை. பந்தல் ஓலையைப் பற்றி எனக்கும் ஒரு கருத்து இருந்தது.

கேட்டுக்கொண்டிருந்தவள் ஒருத்திதான். உள்ளறைக் கதவு திறந்தது. அலங்காரம் முடியாத தலையோடு, பாதி கட்டிய பூவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, யாராவது கூப்பிடும்வரை வரக்கூடாத என் தங்கை கூடத்தின் நடுவே நடந்து வந்தாள். ஆண்களுக்கு நடுவில் புகுந்து, பத்தாயத்துக்கு எட்டி, பாலில் விழுந்த எறும்பை எடுப்பதுபோல ஊசியைத் தட்டிலிருந்து தூக்கி ஓரமாக வைத்தாள். பேச்சு நின்றிருந்தது. அவள் அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று பார்த்தாள். ஓடவில்லை. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, வந்தது போலவே திரும்பிப் போனாள்.

"பொண்ணைப் பாத்தாச்சு" என்றார் காரணவர். "வேற என்னத்துக்கு?"

சித்தப்பா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். வியர்வை என்று பிற்பாடு சொன்னார்.

சித்தப்பா போய்ப் பல வருஷமாகிறது. என் தங்கை திருவட்டாற்றில் பேரன் பேத்திகளோடு இருக்கிறாள். என் மகன் வளைகுடாவிலிருந்து வரும்போது ஒரு ஸ்டீரியோ கொண்டுவந்து கூடத்தில் வைத்திருக்கிறான். இரண்டு பெட்டி, ஒன்று இடது காதுக்கு, ஒன்று வலது காதுக்கு. கரகரப்பு இல்லை, இரைச்சல் இல்லை, தவில் வாசிப்பவர் எந்தக் கையால் அடிக்கிறார் என்பதுகூடத் தெரிகிறது. குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பாட்டு முடிந்ததும் அது தானாகவே நின்றுவிடுகிறது. யாரும் எழுந்து வர வேண்டியதில்லை.